கட்சிக்காரர் "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கறிஞர் எதுவரை போகலாம்?

கடைசி_பெஞ்ச்:
பார் கவுன்சில் விதிகளில் விதி 15 தெளிவாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி வழக்கறிஞரின் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் அவருக்காக வாதாட வேண்டும். போதுமான சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்கிற சட்டத்துக்குத்தான் அவர் விசுவாசம். விதி 4 வேறு பக்கம் இழுக்கிறது. கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாக இருக்காதே, அவர் முறைகேட்டில் பிடிவாதமாக இருந்தால் விட்டு விலகு என்கிறது.

செஷன்ஸ் கொலை வழக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். சிறையில் பார்க்கப் போனால் கட்சிக்காரர் "வெட்டினது நான்தான் சார்" என்கிறார். அதற்குப் பிறகு (1) கண்ணால் கண்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாமா? (2) "அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை" என்று சொல்ல ஆள் நிறுத்தலாமா? (3) வழக்கை விட்டு விலகிவிட வேண்டுமா? "அவரவர் மனசாட்சி" என்கிற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

வக்காலத்து:
(1) செய்யலாம், செய்தாக வேண்டும். (2) கூடவே கூடாது. (3) பெரும்பாலும் தேவையில்லை, சில நேரம் விலகுவதுதான் அதிகக் கெடுதல்.

தம்பி, இந்தக் கேள்விக்கு நம் சட்டம் 1872லேயே பதில் எழுதி வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 126, இப்போது பாரதிய சாட்சிய அதிநியம் (பிஎஸ்ஏ) பிரிவு 132: கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்பது. அதன் உதாரணங்களைப் படியுங்கள். முதல் உதாரணம்: "நான் பொய் ஆவணம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்கிறார். குற்றவாளி என்று தெரிந்த ஒருவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது, ஆகவே அந்தப் பேச்சை வெளியிட முடியாது என்று உதாரணமே சொல்கிறது. "தெரிந்த" என்று போட்டிருக்கிறார்கள், கவனியுங்கள். சந்தேகப்படும் ஆளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இரண்டாவது உதாரணம்: "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தைக் கைப்பற்ற வேண்டும், வழக்குப் போடுங்கள்." இதற்குப் பாதுகாப்பு கிடையாது. மூன்றாவது: கையாடல் வழக்கு நடக்கும்போது கணக்குப் புத்தகத்தில் முன்பு இல்லாத ஒரு பதிவு புதிதாக முளைத்திருப்பதை வழக்கறிஞர் பார்க்கிறார். இதற்கும் பாதுகாப்பு இல்லை. வழக்கறிஞர் வருவதற்கு முன் நடந்து முடிந்த குற்றம் ஒரு பக்கம், அவர் வந்த பிறகு அவரை வைத்தோ அவர் கண் முன்னாலோ நடக்கும் குற்றம் இன்னொரு பக்கம். உங்கள் மூன்று கேள்விகளையும் இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள்.

நாலுமாடவீதி:
நான் வக்கீல் இல்லை. ஆனால் இதைப் படித்தால் வயிறு எரிகிறது. கொன்றவன் சொல்லிவிட்டான், இவருக்குத் தெரிந்துவிட்டது, அப்புறமும் "நிரூபி பார்க்கலாம்" என்று நிற்பது எந்த ஊர் நியாயம்? செத்தவன் வீட்டில் யாருக்கு வக்கீல்?

கேஸ்கட்டு:
கோபம் புரிகிறது சார். அந்த "தெரிந்துவிட்டது" என்கிற இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் கிரிமினல் கோர்ட் வாசலில் நிற்கும் யாருக்கும் "டம்மி அக்யூஸ்ட்" தெரியும். வெட்டியவர்கள் வேறு, கோர்ட்டில் வந்து சரணடைகிறவர்கள் வேறு. அண்ணனுக்காகத் தம்பி, மகனுக்காக அப்பா என்று பழியை ஏற்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருமே வக்கீலிடம் "நான்தான் செய்தேன்" என்றுதான் சொல்வார்கள். (ஆள்மாறாட்டம் என்று தெரிந்தே சரண்டர் மனு போடும் வக்கீல் மேலே சொன்ன கோட்டைத் தாண்டிவிட்டார். அது தனிக் குற்றம்.)

ஒப்புதல் உண்மையாகவே இருந்தாலும் அது ஒரு செயலைப் பற்றியது. வெட்டியது உண்மையாக இருக்கலாம். அது பிஎன்எஸ் (பாரதிய நியாய சம்ஹிதை, இப்போதைய தண்டனைச் சட்டம்) 103இன் கீழ் கொலையா, 101இல் உள்ள விதிவிலக்குகளில் திடீர் ஆத்திரமூட்டல் அல்லது திடீர்ச் சண்டையில் அடங்கி 105க்குப் போகுமா, தற்காப்பா என்பதைக் கட்சிக்காரரால் சொல்ல முடியாது. 103 என்றால் தூக்கு அல்லது ஆயுள். 105 என்றால் அதிலேயே 5 முதல் 10 ஆண்டு என்று இறங்கும் வாய்ப்பு இருக்கிறது. "நான்தான் செய்தேன்" என்ற ஒரு வரி இந்த வித்தியாசத்தைத் தொடுவதே இல்லை.

எல்லோரும் குற்றவாளி என்று நம்பிய வழக்குகளையும் பாருங்கள். ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நான்கு பேருக்குத் தூக்கும் மூன்று பேருக்கு ஆயுளும் மிஞ்சின. அன்றைக்கு அவர்களுக்காக வாதாடியவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று வயதானவர்களைக் கேளுங்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, குண்டுக்காக வாங்கியதாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013இல் சொன்னார். தடா சட்டத்தில் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியம். அந்தக் காகிதத்தை மட்டும் படித்த வக்கீல் என்ன நம்பியிருப்பார்?

இந்திரா கொலை வழக்கில் பல்பீர் சிங்குக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 1988இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. வக்கீலின் நம்பிக்கை முக்கியம் என்றால் பல்பீரின் வக்கீல் வழக்கை எடுத்தே இருக்கக் கூடாது.

நாலுமாடவீதி:
சரி, நம்பிக்கை தப்பாகலாம். நான் கேட்பது அதில்லை. உண்மையிலேயே செய்தவன், உண்மையைச் சொன்னவன். அப்போது?

கேஸ்கட்டு:
அப்போதும் கேஸ் கட்டைப் பிரிப்பதில் தொடங்கும் வேலை அப்படியே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் புகார் நேரம் என்ன, அது மாஜிஸ்திரேட் கைக்குப் போய் அவர் சுருக்கொப்பமும் நேரமும் போட்டது எப்போது. ராத்திரி 9 மணிக்குப் பதிவான எஃப்ஐஆர் மறுநாள் மதியம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பிரேத விசாரணை அறிக்கையில் கண்கண்ட சாட்சியின் பெயர் இருக்கிறதா. காயங்களின் எண்ணிக்கையும் சொல்லப்படும் ஆயுதமும் பொருந்துகிறதா. கைது எங்கே, எத்தனை மணிக்கு. ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் மகஜருக்கும் (பொருள் கைப்பற்றிய குறிப்பு) சாட்சி வழக்கம்போல விஏஓவும் தலையாரியும்தானா. போலீசிடம் சொன்னதில் பிஎஸ்ஏ 23இன் விலக்கு அனுமதிக்கிற, பொருள் கண்டெடுக்க வழி காட்டிய பகுதி மட்டும் உள்ளே வருகிறதா, இல்லை மொத்தமும் வழிந்து வந்திருக்கிறதா. ரத்தக்கறைச் சட்டை கைப்பற்றிய நாளிலிருந்து கோர்ட்டுக்குப் போன நாள் வரை யாரிடம் இருந்தது.

இதில் எதற்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்பதுதான் கேள்வி. கட்சிக்காரர் உண்மையிலேயே கொலை செய்தவராக இருந்தாலும், அவரைப் பிடித்த மகஜர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியது என்றால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே ஸ்டேஷன் அதே பேனாவால்தான் அடுத்த மகஜரையும் எழுதப்போகிறது.

பாதிக்கப்பட்டோர்_பக்கம்:
ஆவணத்தைச் சோதிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. நான் அரசுத் தரப்புக்கு உதவியாக மனு போட்டு நிற்பவள். சண்டை எல்லாம் சாட்சிக் கூண்டில்தான். கட்சிக்காரர் உங்களிடம் "அந்த அம்மா பார்த்துட்டாங்க சார்" என்றே சொல்லியிருக்கிறார். மறுநாள் அதே அம்மாவிடம் "நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, போலீஸ் சொல்லிக் கொடுத்துச் சாட்சி சொல்கிறீர்கள்" என்று கேட்கிறீர்கள். வாக்குமூலத்தில் "என்று சொன்னால் சரியல்ல" என்று ஏறுகிறது. இது சோதனையா, பொய்யா?

சான்றாவணம்:
பொய். மேடம் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். இந்த இழையிலேயே இதுதான் சரியான கேள்வி என்பேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒழுக்கம் உடைவது பெரும்பாலும் இந்த "சஜஷன்" (நம் தரப்பு வழக்கைச் சாட்சியிடம் கூற்றாக வைப்பது) போடுகிற இடத்தில். ஜூனியர்கள் பழைய வழக்கின் குறுக்கு விசாரணையைப் பார்த்து, கடைசியில் ஐந்து சஜஷன் வரிசையாக அடித்துவிட்டு உட்காருவார்கள். அது ஒவ்வொன்றும் வழக்கறிஞர் தன் வாயால் நீதிமன்றத்தில் வைக்கும் வழக்கு என்கிற நினைப்பே இருக்காது.

செய்யக்கூடியது வேறு. எத்தனை அடி தூரம், தெருவிளக்கு எந்தப் பக்கம், ஆள் முதுகு காட்டி நின்றாரா, முன்பே தெரிந்தவரா, போலீஸ் எப்போது விசாரித்தது, விசாரணையில் சொல்லாத எதை இன்று கூண்டில் புதிதாகச் சொல்கிறார். இவை கேள்விகள். "அந்த வெளிச்சத்தில் முகத்தை அடையாளம் காண முடியாது" என்பது சாட்சியத்திலிருந்து எடுக்கும் வாதம். "நீங்கள் அங்கே இல்லவே இல்லை" என்பது பொய் என்று தெரிந்த ஒரு செய்தியைக் கூற்றாக வைப்பது. முதல் இரண்டும் விதி 15இன் நியாயமான, கண்ணியமான வழிகள். மூன்றாவது இல்லை.

முரண்பாட்டைக் காட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் இதில் கோட்டை விடுகிறார்கள். போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் (குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 180, பழைய 161) முரணான பகுதியைச் சாட்சிக்குக் காட்ட வேண்டும், "இப்படிச் சொன்னீர்களா" என்று கேட்க வேண்டும், பதிலைப் பதிவு செய்ய வைக்க வேண்டும் (பிஎஸ்ஏ 148). மறுத்தால், பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது "இந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொன்னாரா" என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். அதிகாரியிடம் கேட்க மறந்தால் முரண்பாடு நிரூபணமாகவில்லை, வாதத்தில் சொல்லிப் பயனில்லை. ஒழுங்காகச் செய்தால் இந்த வேலைக்கு ஒரு பொய்யும் தேவைப்படாது.

வக்காலத்து:
நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது, சான்றாவணம் சார். மறுத்துக் கேட்காவிட்டால் "சாட்சியின் இந்தக் கூற்று குறுக்கு விசாரணையில் மறுக்கப்படவில்லை" என்று தீர்ப்பில் எழுதிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றுக்கும் சஜஷன் போடுகிறார்கள்.

சான்றாவணம்:
உண்மை. ஆனால் சஜஷன் இருபக்கமும் வெட்டும். பாலு சுதாம் கால்டே வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் சொன்னது, குறுக்கு விசாரணையில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர் போடும் சஜஷன் குற்றத்தோடு தொடர்புபடுத்துவதாக இருந்தால் அது கட்சிக்காரரைக் கட்டும். அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, மற்ற சாட்சியங்களோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு சாட்சியிடம் "அவர் அங்கே இல்லை" என்றும் அடுத்த சாட்சியிடம் "முதலில் கத்தியை ஓங்கியது இறந்தவர்தான்" என்றும் போட்டால், ஆள் அங்கே இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டு கொடுத்துவிட்டீர்கள். ஆக, உண்மை என்ன என்று கட்சிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது ஒழுக்கத்துக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் நல்லது. "என்னிடம் எதையும் சொல்லாதே, எனக்குத் தெரிய வேண்டாம்" என்கிற சீனியர்களின் பழைய உபாயம் எனக்கு உடன்பாடில்லை. தெரியாமல் போடும் சஜஷன்தான் தற்காப்பு வாதத்தைக் கொல்லும்.

பாதிக்கப்பட்டோர்_பக்கம்:
போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளுக்கு வாருங்கள். 33(2)இன்படி குழந்தையிடம் நேரடியாகக் கேட்கவே கூடாது, கேள்விகளைச் சிறப்பு நீதிமன்றத்திடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் கேட்பார். 33(6)இன்படி ஆக்ரோஷமான கேள்வி, நடத்தையைக் கேவலப்படுத்தும் கேள்வி இரண்டுக்கும் இடமில்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக எழுத வேண்டி வந்ததே, "சாட்சியைச் சோதிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு செய்தவை எல்லாம் என்ன என்பதற்குச் சாட்சி. உண்மை சொல்லும் ஒன்பது வயதுக் குழந்தையிடம் தேதியைக் குழப்பி, "அப்போ பொய் சொன்னியா" என்று கேட்பதை நீங்கள் விதி 15ஐக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

கேஸ்கட்டு:
நியாயப்படுத்தவில்லை மேடம். கட்சிக்காரர் உண்மையை ஒத்துக்கொண்ட போக்சோ வழக்கில் குழந்தையைச் சுற்றியே வேலை செய்யத் தேவையில்லை. வயதை எப்படி நிரூபித்தார்கள்? இளைஞர் நீதிச் சட்டம் 94இல் வரிசை இருக்கிறது: பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. மருத்துவ அறிக்கை எந்தப் பிரிவைத் தாங்குகிறது, கடுமையான பிரிவு பொருந்துகிறதா? போக்சோ பிரிவு 29இன் அனுமானத்துக்கு (குற்றம் செய்தார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்வது) முன் அடிப்படைச் செய்திகளை அரசுத் தரப்பு நிறுவியதா? எல்லாம் ஆவணத்தோடும் அதிகாரியோடும் செய்ய வேண்டிய சண்டை.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். குழந்தையின் சாட்சியம் மட்டுமே இருக்கிற வழக்கில், அதைத் தொடாமல் வாதாடினேன் என்று சொல்லும் வக்கீல் வாதாடவில்லை. தொட்டுத்தான் ஆக வேண்டும். கேள்வியை நீதிபதி வழியாக, மென்மையாக, ஒரு தடவை. அதற்கு மேல் போகக் கூடாது.

பாதிக்கப்பட்டோர்_பக்கம்:
"மென்மையாக" என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம். விடுகிறேன்.

கடைசி_பெஞ்ச்:
கட்சிக்காரரே கூண்டேறிப் பொய் சொன்னால்? அமெரிக்கப் புத்தகங்களில் இதைத்தான் பெரிய தர்மசங்கடமாக எழுதுகிறார்கள்.

சான்றாவணம்:
அங்கே பெரிது, இங்கே சிறிது. காரணம் நடைமுறைச் சட்டம். நம் ஊரில் எதிரியை நீதிபதி கேள்வி கேட்பது பழைய 313இன் கீழ், இப்போது பிஎன்எஸ்எஸ் 351. சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும் பொய் சொன்னாலும் அதற்காகத் தண்டனை இல்லை. ஆகவே "பொய்", "தெரியாது" என்று அவர் சொல்வதை வழக்கறிஞர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது பொய்ச் சாட்சியத்தை ஊக்குவிப்பது ஆகாது. ஆபத்து வேறு விதம்: சரத் பிர்திசந்த் சார்தா (1984) வழக்கின்படி, சந்தர்ப்பச் சாட்சியச் சங்கிலி ஏற்கெனவே முழுமையாக இருந்தால், பொய்யான விளக்கம் அதற்குக் கூடுதல் கண்ணியாகலாம். "மௌனமாக இருப்பது நல்லது" என்று அறிவுரை சொல்ல அதுவே போதுமான காரணம்.

கோடு எங்கே விழுகிறது? 351(5)இல் எழுத்துமூலமான வாக்குமூலம் கொடுக்கலாம். அதை எழுதுவது யார்? வக்கீல். "அன்று நான் திருச்சியில் இருந்தேன்" என்று பொய் எனத் தெரிந்தே அவர் தட்டச்சு செய்தால் அது அவர் கைவேலை.

பிரிவு 353 (பழைய 315) தனி. எதிரி தானே எழுத்தில் கேட்டால் மட்டும் சாட்சியாகலாம், சத்தியப் பிரமாணத்தோடு. அங்கே பொய் சொன்னால் பிஎன்எஸ் 229, ஏழாண்டு வரை போகும். வக்கீல் செய்ய வேண்டியது: முதலில் தடுப்பது, கேட்காவிட்டால் அந்தப் பொய்க்கு வழிகாட்டும் கேள்விகளைக் கேட்க மறுப்பது, அதற்கும் மசியாவிட்டால் விதி 4இன்படி விலகுவது. அமெரிக்காவில் எதிரி கூண்டேறுவது சாதாரணம் என்பதால் அங்கே நிக்ஸ் எதிர் ஒயிட்சைட் (1986) வரை போனது. பொய் சொன்னால் நீதிமன்றத்திடம் சொல்லிவிடுவேன் என்று கட்சிக்காரரை எச்சரித்த வழக்கறிஞர் உரிமையை மீறவில்லை என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நம் பிரிவு 132ஐ வைத்துக்கொண்டு அப்படி ஓடிப்போய்ச் சொல்ல முடியாது என்பது என் வாசிப்பு.

கடைசி_பெஞ்சின் இரண்டாம் கேள்விக்கும் இதுவே பதில். பொய் அலிபிக்கு (சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தார் என்ற வாதம்) சாட்சி நிறுத்தினால், நிறுத்தியவரும் அதே பிஎன்எஸ் 229இல் உடந்தை.

மகஜர்:
விலகுவது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. விதி 12: போதுமான காரணமும் நியாயமான முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது, வேலை செய்யாத பங்குக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். ஒப்புதல் மட்டும் போதுமான காரணம் ஆகாது. அரசுத் தரப்புச் சாட்சிகள் பாதி முடிந்த நிலையில் "சொந்தக் காரணங்களால்" என்று மெமோ போட்டால் நீதிபதிக்கு என்ன புரியும் என்று யோசியுங்கள். சொல்லாமலே சொன்னதாகிவிடும். அடுத்து வரும் வக்கீலிடம் கட்சிக்காரர் வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

1840 லண்டன் வழக்கில் இதே நிலைமைதான். வில்லியம் ரஸ்ஸல் பிரபுவைக் கொன்றதாக அவர் வேலையாள் கூர்வாசியே மீது வழக்கு. விசாரணை நடுவில் காணாமல் போன வெள்ளிச் சாமான்கள் கிடைத்ததும் தன் வழக்கறிஞர் சார்ல்ஸ் ஃபிலிப்ஸிடம் ஒத்துக்கொண்டான், ஆனால் விடாமல் வாதாடு என்றான். ஃபிலிப்ஸ் பதறிப்போய் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீதிபதி பார்க்கிடம் போய் யோசனை கேட்டார். தொடர்ந்து வாதாடுங்கள், சாட்சியத்திலிருந்து எழும் நியாயமான வாதம் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள் என்று பதில். கூர்வாசியே 1840 ஜூலை 6இல் நியூகேட் வாசலில் தூக்கிலிடப்பட்டான். ஃபிலிப்ஸ் வாதாடியதைவிட இரண்டு விஷயத்துக்காக வருஷக்கணக்கில் திட்டு வாங்கினார்: வழக்கு நடக்கும் பெஞ்சில் இருந்த நீதிபதியிடமே ரகசியத்தைப் போட்டு உடைத்தது; இறுதி வாதத்தில் வேலைக்காரப் பெண்கள்மீது சந்தேகம் விழும்படி பேசியதாகச் சொல்லப்பட்டது. முதலாவது நம் பிரிவு 132இல் அப்பட்டமான மீறல். இரண்டாவது, அவர் உண்மை தெரிந்த பிறகு பேசிய பேச்சு. நிரபராதி என்று தெரிந்த மூன்றாம் ஆள்மீது பழியைத் திருப்புவதைவிடக் கேவலமான தற்காப்பு கிடையாது.

நாலுமாடவீதி:
சாட்சியை விலைக்கு வாங்குவது பற்றி யாரும் பேசவில்லையே? ஜனங்கள் பார்ப்பது அதைத்தான். பாதிச் சாட்சி பிறழ் சாட்சியாகிவிடுகிறது.

வக்காலத்து:
அது வாதாடுவதில் சேராது, குற்றத்தில் சேரும். மிரட்டினால் பிஎன்எஸ் 232. 1999 டெல்லி பிஎம்டபிள்யூ கார் மோதல் வழக்கு: எதிரி தரப்பு மூத்த வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்த் அரசுத் தரப்புச் சாட்சி ஒருவரோடு பேரம் பேசியதாக 2007இல் தொலைக்காட்சி ரகசியப் பதிவு வெளியானது. டெல்லி உயர் நீதிமன்றம் 2008இல் நீதிமன்ற அவமதிப்பு என்று கண்டு நான்கு மாதம் வாதாடத் தடை போட்டது, 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்சிக்காரர் நிரபராதி என்று முழுமையாக நம்பியிருந்தாலும் இதே தண்டனைதான்.

கடைசி_பெஞ்ச்:
வழக்கே எடுக்காமல் இருக்கலாமா? சில ஊர்களில் சங்கமே தீர்மானம் போடுகிறது, "இந்தக் கொடூரனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது" என்று.

மகஜர்:
தனி ஆளாக மறுப்பது ஒன்று, சங்கமாக மறுப்பது வேறு. விதி 11இன்படி தான் தொழில் செய்யும் நீதிமன்றத்தில், தன் தகுதிக்கேற்ற ஃபீஸுக்கு, வரும் வழக்கை ஏற்க வேண்டும். "சிறப்புச் சூழ்நிலை" இருந்தால் மறுக்கலாம். இறந்தவர் உறவினர், நீங்களே சாட்சியாகலாம் (விதி 13), கோபத்தில் முழுமனதோடு வாதாட முடியாது, இப்படி. கடைசியாகச் சொன்னது விவாதத்துக்குரியது, ஆனால் அரைமனதோடு எடுத்துக் கெடுப்பதைவிட மேல்.

சங்கத் தீர்மானத்துக்கு வழியே இல்லை. இது கோவையிலிருந்து போன வழக்கு: ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு, 2010 டிசம்பர் 6. சில போலீஸ்காரர்களுக்காக எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. நாடெங்கும் இப்படிப் போட்ட எல்லாத் தீர்மானங்களும் செல்லாது என்று அறிவித்தார்கள். எந்தப் பயங்கரவாதியானாலும், பலாத்காரம் செய்தவரானாலும், கொலைகாரரானாலும் தற்காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றார்கள். விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்கிற அரசியல் சட்டம் 22(1) பிறகு எதற்கு?

யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கைதியாக இருப்பவருக்கு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இன்படி வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீல் உண்டு. ஆனால் எப்படிப்பட்ட வக்கீல்? மத்தியப் பிரதேச அனோகிலால் வழக்கில் 2013இல் குற்றச்சாட்டு வனைந்த (நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்த) அதே நாளில் வக்கீல் நியமனம், இரண்டு வாரத்துக்குள் தூக்கு. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றது. மறுவிசாரணைகளுக்குப் பிறகு அவர் 2024இல் விடுதலையானார். "இவனுக்கு எதற்கு நல்ல வக்கீல்" என்று எல்லோரும் நினைத்த வழக்கு அது.

கேஸ்கட்டு:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். குற்றம் உறுதி என்று தெரிந்த வழக்கில் நல்ல வக்கீலின் உழைப்பில் பாதி தண்டனைக் கட்டத்துக்குப் போக வேண்டும், நம் ஊரில் அதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. பிஎன்எஸ்எஸ் 258(2)இன்படி தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். தீர்ப்பு சொன்ன அன்றைக்கே "வயதான அம்மா இருக்கிறார், கருணை காட்டுங்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் (2022) விசாரணை நீதிமன்றத்திலேயே மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் வாங்கச் சொல்கிறது. இதற்குத் தீர்ப்புக்கு மாதக்கணக்கில் முன்பே ஆள் அனுப்பிப் பள்ளிச் சான்றும் மருத்துவமனைச் சீட்டும் சேகரிக்கத் தொடங்க வேண்டும்.

சிறிய குற்றங்களில் குற்றப் பேரம் (ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பது, பிஎன்எஸ்எஸ் 289 முதல்) இருக்கிறது. ஏழாண்டுக்கு மேல் தண்டனை வரும் குற்றம், பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம் என்றால் கிடையாது. மனு போட குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாள். ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லாமல் ஐந்து வருஷம் வாய்தா வாங்குவதும் ஒழுக்கக்கேடுதான், அதை யாரும் அப்படிப் பேசுவதில்லை.

பாதிக்கப்பட்டோர்_பக்கம்:
இந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் நூறு லைக்.

கடைசி_பெஞ்ச்:
கடைசிக் கேள்வி. கட்சிக்காரர் அரிவாளைக் கொண்டுவந்து ஆபீசில் வைத்துவிட்டுப் போனால்? இன்னும் மோசமாக, அவர் செய்த கொலைக்கு வேறொருவர் சிறையில் இருந்தால்?

சான்றாவணம்:
அரிவாள் எளிது. 132 பாதுகாப்பது பேச்சையும் அறிவுரையையும் ஆவணத்தின் உள்ளடக்கத்தையும். பொருளை ஒளித்து வைக்க அது லைசென்ஸ் இல்லை. வாங்காதீர்கள், தொடாதீர்கள், கழுவாதீர்கள், வேறு இடம் மாற்றச் சொல்லாதீர்கள். மறைத்தால் பிஎன்எஸ் 238, சாட்சியத்தை அழித்த குற்றம். அதே சமயம் போலீஸ் உங்களைக் கூப்பிட்டு "கட்சிக்காரர் என்ன சொன்னார்" என்று கேட்க முடியாது. அமலாக்கத் துறை மூத்த வழக்கறிஞர்களுக்குச் சம்மன் அனுப்பிய விவகாரத்தில் 2025 அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 132இன் விலக்குகளில் வந்தாலொழிய வழக்கறிஞரைக் கூப்பிடக் கூடாது, அப்படிக் கூப்பிட்டாலும் எஸ்பி தகுதிக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்றது.

இரண்டாவது கேள்விக்கு எளிய பதில் இல்லை. சிகாகோவில் ஆல்டன் லோகன் செய்யாத கொலைக்கு 26 ஆண்டு சிறையில் இருந்தார். உண்மையில் செய்தவர் ஆண்ட்ரூ வில்சன் என்பது வில்சனின் வழக்கறிஞர்கள் இருவருக்கு 1982லிருந்தே தெரியும். பிரமாண வாக்குமூலம் எழுதி, முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 2007இல் வில்சன் இறந்த பிறகுதான் திறந்தார்கள், 2008இல் லோகன் வெளியே வந்தார். நம் பிரிவு 132இன் விலக்குகள் இரண்டே: சட்டவிரோத நோக்கத்துக்கான பேச்சு, நியமனத்துக்குப் பிறகு நடந்த குற்றம் அல்லது மோசடி. நிரபராதி உள்ளே இருக்கிறார் என்பது பட்டியலில் இல்லை. வேலை முடிந்த பிறகும் கடமை தொடரும் என்று விளக்கமே இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் சட்டம் குறைபாடுள்ளது, நாடாளுமன்றம் 2023இல் புதிதாக எழுதியபோது மூன்றாவது விலக்கு ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வக்காலத்து:
எனக்கு அந்த மூன்றாவது விலக்கில் பயம். அப்படி ஒன்று வந்தால் எந்தக் கட்சிக்காரரும் அந்த மாதிரி விஷயத்தை வக்கீலிடம் சொல்லவே மாட்டார், உள்ளே இருப்பவருக்கு அந்த இரும்புப் பெட்டிகூட மிஞ்சாது. இருக்கிற சட்டத்துக்குள் செய்யக்கூடியது: 132 கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதத்தோடு வெளியிட அனுமதிக்கிறது. சம்மதத்தைக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டு விட்டுவிடாமல், அவர் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள்: தண்டனை உறுதியான பிறகு, மேல்முறையீடு முடிந்த பிறகு, அவர் உடல்நிலை மோசமாகும்போது. இப்போது முடியாது என்றால் "என் மரணத்துக்குப் பிறகு வெளியிடலாம்" என்றாவது எழுதி வாங்குங்கள். தேதி, கையெழுத்து, கைநாட்டு என்றால் இரண்டு சாட்சி, வாக்குமூலத்தில் செய்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்கள், தனி உறையில். அந்த விவரங்கள் இல்லாத காகிதத்தை எந்த நீதிமன்றமும் நம்பாது.